பனங்காட்டுச் சபைகளின் மாலை ஜெபம்

திருநெல்வேலிச் சீமையின் புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவ வரலாறு பெரும்பாலும் மிஷனெரிமாரின் வாழ்க்கைக் கதையாகவும், அவர்கள் எழுப்பிய கோபுரங்களின் கதையாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. பாளையங்கோட்டையின் ஊசிக்கோபுரமும், மெஞ்ஞானபுரத்தின் வானளாவிய ஆலயமும், இடையன்குடியில் கால்டுவெல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துக் கட்டி 1880இல் பிரதிஷ்டை செய்வித்த கோயிலும் அந்த வரலாற்றுக்குக் கண்ணெதிரே நிற்கும் சான்றுகள் என்பதால் இது இயல்பானதே. ஆயினும் தேரிக்காட்டின் செம்மண்ணில் சிதறிக் கிடந்த நூற்றுக்கணக்கான சிற்றூர்களில், பனையோலை வேய்ந்த ஜெபக்கூடங்களில் கூடிய மக்களைத் தலைமுறை தலைமுறையாக ஒரு சபையாகப் பிணைத்தவை நாள்தோறும் நடந்த மாலை ஜெபமும், அதை நடத்திய உபதேசியாரும், ஊரார் தாங்களே நடத்திய சங்கங்களுமே ஆகும். பனைத்தொழிலின் நேரத்தையும் தாளத்தையும் ஒட்டி உருவான இந்த அன்றாட ஒழுங்கை ஆராயாமல், அச்சபைகள் துன்பங்களையும் பிளவுகளையும் தாண்டி எவ்வாறு நிலைத்தன என்பதை விளக்க இயலாது.

இச்சபைகளின் தொடக்கம் ஒரு பெண்ணின் பெயரோடு இணைந்தது. தஞ்சை மராத்தியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கைம்பெண்ணாகிப் பாளையங்கோட்டையில் வாழ்ந்த குளோரிந்தா என்பவருக்கு மிஷனெரி சுவார்ட்சு ஐயர் 1778இல் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பேரின் பெயர்கள் உள்ளன. அந்த ஆண்டையே திருநெல்வேலித் திருச்சபை தன் பிறந்த ஆண்டாகக் கணக்கிட்டு வருகிறது. 1785இல் குளோரிந்தாவின் முயற்சியால் எழுந்த சிற்றாலயம் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று ஊரார் வாயில் வழங்குகிறது. அச்சபையில் உபதேசியாராக வேலை செய்த சத்தியநாதன் 1790இல் குருவாக அபிஷேகம் பெற்றார். சாத்தான்குளம் வட்டாரத்தில் சுந்தரானந்தம் தாவீது என்னும் இளைஞரின் ஊழியத்தால் நாடார் குடும்பங்கள் கூட்டமாகக் கிறிஸ்தவத்தைத் தழுவியதும், எதிர்ப்பு மிகுந்தபோது அவர்களுக்கென நிலம் வாங்கி 1799இல் முதலூர் என்ற குடியிருப்பு உண்டாக்கப்பட்டதும், பின்னர் நாசரேத், பெத்லகேம் போன்ற பெயர்கள் பனங்காட்டு ஊர்களுக்குச் சூட்டப்பட்டதும் இதற்கு அடுத்த கட்டம்.

இதன் பிறகு வந்த ஓர் இடைக்காலத்தை வரலாற்றாசிரியர்கள் விரைந்து கடந்துவிடுகின்றனர். உண்மையில் நின்று நோக்க வேண்டிய காலம் அதுதான். 1802இல் இப்பகுதியில் சுற்றுப்பயணம் செய்து ஆயிரக்கணக்கானோரைச் சபையில் சேர்த்த கெரிக்கே ஐயர் அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அதற்குப் பின் ரிங்கல்தௌபே சில காலம் இச்சபைகளைப் பார்த்துக்கொண்டது நீங்கலாக, பத்தாண்டுகளுக்கும் மேலாக நிலையாகத் தங்கிய ஐரோப்பிய மிஷனெரி எவரும் திருநெல்வேலியில் இல்லை. 1816இல் பாளையங்கோட்டைப் படைக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப், முதலூரிலும் நாசரேத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் சபையாகவே இருந்துவருவதைக் கண்டார். மேற்பார்வையும் பணமும் ஏறக்குறைய வற்றிப்போன அந்த ஆண்டுகளில் ஜெபத்தை நடத்தியவர்களும், குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தவர்களும், இறந்தவர்களை அடக்கம் செய்தவர்களும் நாட்டையர் எனப்பட்ட ஒரு சில தமிழ்க் குருமாரும் அவர்களுக்குக் கீழிருந்த உபதேசிமாருமே. சிலர் விலகிச் சென்றதும், பழைய தெய்வங்களை நாடியதும் உண்டு. எனினும் சபை என்னும் அமைப்பு கலையவில்லை என்பது, அது அந்நியர் கையில் மட்டுமே தங்கியிருக்கவில்லை என்பதற்குப் போதிய சான்று.

உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாத சபைப் பணியாளர். திருவிருந்து பரிமாறுவதும் ஞானஸ்நானம் கொடுப்பதும் குருவின் கடமைகள். மற்றபடி ஊர்ச்சபையின் முழுப்பொறுப்பும் உபதேசியார் தோளிலேயே இருந்தது. காலையும் மாலையும் மணியடித்து மக்களைக் கூட்டுவது, வேதபாடம் வாசித்து விளக்குவது, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு வினாவிடை கற்பிப்பது, வராதவர்களின் வீட்டுக்குச் சென்று காரணம் விசாரிப்பது, சபையாரின் பெயர்ப்பட்டியலை எழுதி வைப்பது, கணவன் மனைவி சண்டையிலிருந்து வேலித் தகராறு வரை வந்ததைத் தீர்த்து வைப்பது, வரிவாங்கும் அதிகாரிகளின் கெடுபிடி வந்தால் மிஷன் பங்களாவுக்கு மனு எழுதித் தருவது என்று அவருடைய நாள் நீண்டது. குறித்த நாளில் எல்லா உபதேசிமாரும் மிஷனெரி இருந்த ஊருக்கு நடந்தே சென்று தங்கள் பணிக்குறிப்பை வாசிப்பதும், வரும் நாட்களுக்கான பாடங்களைக் கற்றுக்கொண்டு திரும்புவதும் வழக்கம். சம்பளம் மிகக் குறைவு. மிஷனெரியின் ஒரு சொல்லால் வேலை பறிபோகவும் கூடும். மிஷன் சங்கங்களின் அறிக்கைகளில் பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே வரும் இம்மனிதர்களுக்குத் திருநெல்வேலித் திருச்சபை பட்டிருக்கும் கடன் பெரிது; அது இன்னும் தக்கபடி எழுதப்படவில்லை.

மாலை ஜெபம் ஏன் சபையின் நடுநாயகமாயிற்று என்பதைப் பனைத்தொழிலே விளக்கும். பதநீர்க் காலத்தில் பனையேறி விடியுமுன் எழுந்து, இடுப்பில் அரிவாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மரமாக ஏறிப் பாளையின் நுனியைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் ஊறியிருக்கும் பதநீரை இறக்க வேண்டும். ஒரே நாளில் முப்பது முதல் ஐம்பது மரங்கள் வரை, அதுவும் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கியதாகக் கால்டுவெல் குறித்துள்ளார். இறக்கிய பதநீரை அன்றே காய்ச்சாவிட்டால் அது புளித்துக் கெட்டுவிடும் என்பதால், விடிலி எனப்படும் ஓலைக்குடிலில் அடுப்பின் முன் அமர்ந்து கருப்புக்கட்டி காய்ச்சும் பணி பெண்களின் பகற்பொழுது முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஆண்கள் காட்டிலும் பெண்கள் விடிலியிலுமாக இருந்த இந்தப் பகலில் குடும்பம் முழுவதும் ஒன்றுசேர இயலவில்லை. பனைக்காலத்தில் காலை ஜெபத்துக்குப் பெரும்பாலும் முதியோரும் சிறுவருமே வந்தனர். கடைசி மரத்திலிருந்து இறங்கி, உடம்பைக் கழுவி, கஞ்சி குடித்த பிறகே மாலை ஜெபத்துக்கு மணி அடிக்க முடிந்தது. சபையின் நேரக் கணக்கை இங்கிலாந்தின் ஜெபப்புத்தகத்தைக் காட்டிலும் பனைமரம் கூடுதலாகத் தீர்மானித்தது என்று சொல்வது மிகையாகாது.

ஓய்வுநாள் கட்டளையும் இதே காரணத்தால் பனங்காட்டில் எளிதில் பொருந்தவில்லை. பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டாலும் அதன் வாய் காய்ந்து ஊற்று குறையத் தொடங்கும். வருமானம் முழுவதும் சில மாதங்களுக்குள் அடங்கிய ஓர் ஏழைக் குடும்பத்திடம் ஞாயிற்றுக்கிழமை மரம் ஏறாதே என்று சொல்வது, அதன் ஆண்டுக் கஞ்சியில் கைவைப்பதற்கு ஒப்பாகும். பயிரிடுவோருக்கும் நெய்வோருக்கும் ஓய்வுநாள் என்பது வேலையைத் தள்ளிவைப்பது மட்டுமே. பனையேறிக்கோ அது இழப்பு. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு கோயிலுக்கு வந்தவர்களின் பக்தியையும், அதை ஏற்க இயலாமல் விடியலில் ஏறி இறங்கிவிட்டு ஆராதனைக்கு ஓடிவந்தவர்களின் பக்தியையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது.

ஜெபக்கூடத்தில் நடந்ததும் தனித்தன்மை உடையது. ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமுமாகத் தரையில் அமர்வர். எழுத்தறியாதோரே மிகுதி என்பதால் உபதேசியார் ஒரு வசனத்தைச் சொல்ல, சபையார் அதைத் திருப்பிச் சொல்லுவர். நாள்தோறும் சிறிது சிறிதாக இவ்வாறு மனப்பாடமாகிப் பத்துக் கட்டளைகளும், விசுவாசப் பிரமாணமும், சங்கீதங்கள் பலவும், லித்தானியா என்னும் நீண்ட வேண்டுதலின் மறுமொழிகளும் புத்தகத்தைத் தொட்டறியாதவர்களின் நாவில் நின்றன. பிரசங்கமும் ஒருவர் மட்டும் பேசி மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பதாக இல்லை. போதகர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினால் மீதியைச் சபையார் முடிப்பதும், இடையிடையே அவர் கேள்வி கேட்க அமர்ந்திருப்போரில் ஒருவர் விடை சொல்வதும் மரபாயின. எழுதத் தெரிந்தவர்கள் ஓலை நறுக்கையும் எழுத்தாணியையும் கையோடு கொண்டுவந்து, பிரசங்கத்தின் தலைப்புகளையும் மேற்கோள் வசனங்களையும் கேட்கும்போதே கீறிக்கொள்வர். ஆலயம் முழுவதும் எழுத்தாணிகள் உராயும் ஒலி கேட்டதை 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்து சென்றவர்கள் வியப்போடு பதிவு செய்துள்ளனர். பிழைப்பைத் தந்த அதே மரத்தின் ஓலையே இவர்களுக்கு நினைவேடும் ஆயிற்று. இப்படி எழுதிச் சென்ற ஓலை வீட்டில் மீண்டும் வாசிக்கப்பட்டு, கோயிலுக்கு வர இயலாத கிழவிக்கும் நோயாளிக்கும் பிரசங்கத்தைக் கொண்டு சேர்த்தது. வாசிப்புப் பழக்கம் பள்ளிக்கூடத்தால் மட்டுமே பரவியது என்று கருதுவோர் இந்த ஓலை நறுக்குகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மாலையில் கூடிய மக்கள் ஜெபித்ததோடு நிற்கவில்லை. கூடிய இடத்திலேயே தங்கள் பொதுக்காரியங்களையும் பேசத் தொடங்கினர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838இல் இறக்கும்வரை அங்கே உழைத்த ரேனியஸ் ஐயர், ஜெர்மானியர். சர்ச் மிஷனெரி சங்கத்தின் ஊழியர். மக்களுடைய இந்தக் கூடும் பழக்கத்தைச் சங்கங்களாக உருப்படுத்தியதே அவர் செய்த வேலைகளில் நெடுநாள் நிலைத்தது எனலாம். 1830இல் தொடங்கிய தர்ம சங்கம், சபையாரின் காணிக்கையால் நிலமும் மனைகளும் வாங்கி, நிலக்கிழார்களால் வெளியேற்றப்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்களைக் குடியேற்றியது. உபதேசிமாரும் பள்ளி ஆசிரியர்களும் தங்கள் சிறு சம்பளத்திலிருந்து ஒரு பங்கைச் செலுத்தி, இறந்தவரின் மனைவிக்கு உதவித்தொகை கிடைக்கச் செய்த விதவைகள் நிதியும் இக்காலத்ததே. காப்பீடு என்ற கருத்தே இந்நாட்டுச் சாதாரண மக்களிடம் பரவாத காலத்தில், மாதச் சம்பளம் சில ரூபாய்களே பெற்றவர்கள் இதைச் செய்தனர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. 1835இல் ரேனியசுக்கும் அவரை அனுப்பிய சங்கத்துக்கும் குருப்பட்ட முறை முதலிய காரியங்களில் பிணக்கு ஏற்பட்டு, சபைகளும் உபதேசிமாரும் இரு பிரிவாகியபோது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடங்கிய இச்சமூகம் சிதறிவிடும் என்று அஞ்சப்பட்டது. அவர் இறந்த பின் பிளவு ஆறியது. அந்த ஆண்டுகளிலும் ஊர்களின் ஜெபமணி ஓயாதிருந்ததே பின்னர் ஒன்றுசேர்வதை எளிதாக்கியது என்று கருத இடமுண்டு.

பெண்களின் பங்கு தனியே சொல்லத்தக்கது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் இட்டு, வாரக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவரும் பிடியரிசிக் காணிக்கை முழுக்க முழுக்கப் பெண்களின் கையில் இருந்தது. கணவனிடம் கேட்டுப் பெறவேண்டிய பணம் அன்று. அடுப்பங்கரையில் தன் அதிகாரத்துக்கு உட்பட்ட அரிசி. வீட்டில் அரிசி குறைந்த நாட்களில் அந்தப் பிடி அவளுடைய வயிற்றிலிருந்தே குறைந்தது என்பதால், செல்வர் கொடுத்த நன்கொடைகளுக்கு முன்னே வைத்து எண்ண வேண்டிய காணிக்கை இது. பனைக்காலத்தில் கருப்புக்கட்டியும், கோழி முட்டையும், முதற்காய்த்த முருங்கையும் பூசணியும் இவ்வாறே வந்து, ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம் விடப்பட்டன. ஊர்க்கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகையன்று சபையார் எல்லோரும் அரிசியும் காய்கறியும் கொடுத்துச் சமைத்து ஒன்றாக அமர்ந்து உண்ணும் அசனம் என்ற பொதுவிருந்தும் இந்தக் கொடுத்துப் பழகிய கைகளின் விளைவே. பல சாதியாரும் ஒரே பந்தியில் அமரும் அசனம், பந்தி பிரித்தே பழகிய ஒரு சமூகத்தில் சிறிய காரியம் அன்று. அது எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் அவ்வாறே நடந்ததென்று சொல்வதற்கில்லை. சாதி வேற்றுமை கோயில் வாசலோடு நின்றுவிடவில்லை. கல்லறைத் தோட்டம் வரை அது சில இடங்களில் தொடர்ந்தது என்பதையும் மறைக்கலாகாது.

இந்த ஒழுங்குக்கு மற்றொரு முகமும் உண்டு. சபைப் பட்டியலில் பெயர் இருப்பவரை விசாரிக்கவும், தவறியவரைச் சபையின் முன் நிறுத்தவும், சபைநீக்கம் செய்யவும் அதிகாரம் இருந்தது. பேய்க்கோவில் கொடைவிழாவுக்குச் சென்றவர், புறச்சமயச் சடங்கோடு மணமுடித்தவர், குடித்துக் கலகம் செய்தவர் முதலியோர் இவ்வாறு நீக்கப்பட்டனர். நெருங்கிய ஊரில் சபைநீக்கம் என்பது உறவுநீக்கமாகவே உணரப்பட்டது. மிஷனெரியின் கண்டிப்பு எல்லை மீறியதாகத் தோன்றிய இடத்தில் எதிர்ப்பும் பிறந்தது. நாசரேத் பகுதியில் கல்வியாலும் வாதத்திறத்தாலும் சிறந்து விளங்கிய அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, 1857இல் பிரகாசபுரத்தில் மிஷனெரிமாரின் கட்டுப்பாட்டுக்கு உட்படாத இந்துக் கிறிஸ்தவச் சபையைத் தோற்றுவித்து, ஐரோப்பியப் பழக்கங்களை விலக்கி, சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டு, பழைய ஏற்பாட்டின் விழாக்களைக் கைக்கொண்டார். அவரைப் பின்பற்றியவர்களும் விட்டுப்போன சபையின் கூடுகை முறைகளையே பெரிதும் கொண்டு நடத்தினர் என்பதைக் காணும்போது, அவர்கள் மறுத்தது மிஷனெரியின் அதிகாரத்தையே அன்றிச் சபை வாழ்வை அன்று என்பது தெளிவாகிறது.

சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலராக நெடுங்காலம் இருந்த ஹென்றி வென், சபை தன்னைத் தானே தாங்கவும், தன்னைத் தானே நிர்வகிக்கவும், தன்னைத் தானே பரப்பவும் வேண்டும் என்ற கொள்கையை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வகுத்தார். லண்டன் அலுவலகத்தில் வகுக்கப்பட்ட இக்கொள்கை திருநெல்வேலியில் வேரூன்றியதற்குக் காரணம், அதற்குரிய பழக்கங்கள் ஏற்கெனவே அங்கு இருந்தமையே. சிவகாசியைச் சுற்றிய வடபகுதியில் ராக்லண்ட் ஐயர் 1854இல் சுற்றூழியம் தொடங்கியபோது, தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசிமாரை முறைவைத்து அனுப்பி, அவர்கள் செலவையும் ஏற்றன. அதே 1854இல் இலங்கையின் மலைத்தோட்டங்களில் பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளருக்காக ஒரு மிஷன் தொடங்கியபோதும் திருநெல்வேலி உபதேசிமாரே கடல் கடந்தனர். இவர்களுக்குத் தெரிந்திருந்த ஊழிய முறை பனங்காட்டு மாலை ஜெபத்தின் முறைதான். நாளெல்லாம் உழைத்துத் திரும்பியவர்களை இரவில் கூட்டி வசனம் சொல்லிக்கொடுக்கும் அந்த முறை தொழிலாளர் குடியிருப்புகளான தோட்ட லயங்களுக்கும் அப்படியே பொருந்தியது.

இதே மரபின் முழு வளர்ச்சியை வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கையில் காணலாம். அவர் 1874இல் மெஞ்ஞானபுரத்தை அடுத்த வெள்ளாளன்விளையில், ஒரு கிராமக் குருவின் மகனாகப் பிறந்தார். 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் அவரும் நண்பர்களும் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், இந்தியரின் ஊழியமும் இந்தியரின் பணமும் மட்டுமே கொண்டு இயங்குவது என்று விதித்துக்கொண்டது. தெலுங்கு நாட்டில் டோர்ணக்கல் பகுதிக்கு மிஷனெரிமாரை அனுப்பத் தேவையான பணம், திருநெல்வேலிக் கிராமங்களின் பிடியரிசியிலிருந்தும் சிறு காணிக்கைகளிலிருந்தும் சேர்ந்தது. அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகி டோர்ணக்கலில் பொறுப்பேற்றார். நிலமற்ற கூலிகளாக இருந்த அவ்வூர்ச் சபையாரிடம், ஏழைகள் என்பதால் கொடுக்க வேண்டியதில்லை என்று அவர் சொல்லவில்லை; அடுப்படியில் எடுத்துவைக்கும் ஒரு பிடி தானியத்தைக் கேட்டார். கொடுப்பவர்களுக்கே சபை தங்களுடையது என்ற உரிமை பிறக்கும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஊர்தோறும் உபதேசியாரையும் அவர் மனைவியையும் குடியமர்த்தி, கூலிவேலை முடிந்த இரவில் மக்களைக் கூட்டிப் பாட்டும் வசனமும் கற்பிக்கும் முறையையே அவர் தன் பேராயத்தின் அடித்தளமாக அமைத்தார். வெள்ளாளன்விளையின் பனையேறிகளுக்காக ஒரு நூற்றாண்டில் பண்பட்ட அந்த முறை, தெலுங்கு மொழியில், வேறு சாதியாரிடையே, வேறு தொழிலின் நேரங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளப்பட்டு அங்கும் சபைகளை உருவாக்கியது.